மேசைக்கு இந்தப் பக்கம்

பதினேழாம் வாய்பாடு எனக்குத் தூக்கத்திலும் வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, முப்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டது. ரூலெட் சூதாட்ட மேசையில் இரண்டு எண்களுக்கு நடுவே கோட்டின்மேல் சில்லு வைத்து ஜெயித்தால் ஒன்றுக்குப் பதினேழு கொடுக்க வேண்டும். எண்ணின்மேலேயே நேராக வைத்திருந்தால் முப்பத்தைந்து. நான்கு எண்கள் கூடும் மூலை என்றால் எட்டு. சக்கரத்தில் பந்து விழுந்த எண்ணைச் சுற்றி ஒருவர் நேராக ஒன்று, கோட்டில் இரண்டு, மூலையில் ஒன்று வைத்திருந்தால் மொத்தம் 77. அவருக்கு எதிரே இன்னொருவர் வேறு நிறச் சில்லுகளில் அதைப்போல் மூன்று மடங்கு வைத்திருப்பார். விரலால் சில்லை அடுக்கிக்கொண்டே இந்தக் கணக்கை மனத்துக்குள் முடித்துவிட வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. தயங்கினால் பின்னால் நிற்கும் மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமுவார்.

2009இல் அங் மோ கியோவில் நான் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தது. அப்போது சிங்கப்பூர் முழுக்க ஒரே பேச்சு, சூதாட்டக்கூடத்தோடு கூடிய இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்கள் வருகின்றன, ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று. 2005 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இதை நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது சமயக் குழுக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தது நினைவிருந்தது. ஆனால் வேலை இல்லாதவனுக்கு அதெல்லாம் பழைய செய்தி. விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொந்தக்காரங்க கேட்டா ஹோட்டல்ல வேலைன்னு சொல்லிக்கிறேன்யா" என்றார். சாகும்வரை அப்படித்தான் சொன்னார்.

2010 பிப்ரவரி 14, சீனப் புத்தாண்டின் முதல் நாளில், செந்தோசாவில் முதல் கூடம் திறந்தது. ஏப்ரல் 27இல் மரீனா பேயில் இரண்டாவது. அந்த இரண்டில் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் டீலராகவும், இடையிடையே நான்கு மேசைகளைப் பார்க்கும் மேற்பார்வையாளராகவும் இருந்தேன்.

எங்கள் சீருடையில் கைவிடக்கூடிய பை கிடையாது. சட்டையில் இல்லை, காற்சட்டையில் இருந்தாலும் ஏப்ரன் மூடியிருக்கும். மேசையை விட்டு எழும்போது இரண்டு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கையையும் புறங்கையையும் கூரையிலிருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். மூக்கு அரித்துத் தொட்டாலும் அதற்கு முன்னும் பின்னும் காட்ட வேண்டும். விளையாடுபவர் கொடுக்கும் நோட்டை நேரடியாகக் கையில் வாங்கக் கூடாது. அவர் மேசைமேல் வைப்பார், நாங்கள் எடுத்து ஒவ்வொரு நோட்டாக விரித்துக் காட்டி, அளவைச் சத்தமாகச் சொல்லி, மேற்பார்வையாளர் தலையசைத்த பிறகு பெட்டித் துளைக்குள் தள்ளுவோம். அன்பளிப்பு வாங்கக் கூடாது. வேலைக்கான உரிமத்தைக்கூடப் பின்னணி, கடன், வழக்கு எல்லாம் விசாரித்துத்தான் கொடுத்தார்கள்.

"அங்க ஏமாத்துவாங்களாமே?" இந்த வேலையைத் தெரிந்துகொண்ட எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பதினொரு ஆண்டில் ஒரு சீட்டு மாறியதை நான் பார்த்ததில்லை. ஒரு சில்லு தவறிப் போனால் கேமராப் பதிவைத் திருப்பிப் பார்த்து, விளையாடியவருக்குச் சேர வேண்டியது என்றால் கொடுத்துவிடுவார்கள். ஏமாற்ற வேண்டிய தேவையே அந்தத் தொழிலுக்கு இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு ஆண்டு பிடித்தது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ரூலெட்டில் ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். சரியான கணக்கு என்றால் ஒன்றுக்கு 36 கொடுக்க வேண்டும். கொடுப்பது 35. அந்த ஒன்றுதான் கூடத்தின் பங்கு, நூற்றுக்கு 2.7. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரம் என்றால் 5.26. எங்கள் கூடத்தில் கூட்டம் மொய்க்கும் ஆட்டம் பக்காரா. எட்டுக் கட்டுச் சீட்டு, 416 சீட்டுகள். 'பேங்கர்' பக்கம் வைத்தால் நூற்றுக்கு 1.06, 'பிளேயர்' பக்கம் வைத்தால் 1.24 கூடத்துக்கு. இரண்டும் சமம் என்று 'டை' கட்டினால் ஜெயிக்கும்போது எட்டு மடங்கு கிடைக்கும், ஆனால் கூடத்தின் பங்கு 14க்கு மேலே போய்விடும். பக்காராவில் நூறு வெள்ளிக்கு, அதாவது நூறு சிங்கப்பூர் டாலருக்கு, ஒரு வெள்ளிதானே போகிறது என்று தோன்றும். பலருக்கும் அங்கேதான் கணக்குத் தவறுகிறது.

அந்த ஒரு வெள்ளி, கையில் கொண்டுவந்த நூறு வெள்ளிக்கு அல்ல, மேசைமேல் வைக்கும் ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும். சுறுசுறுப்பான டீலர் மணிக்கு அறுபது ஆட்டம் போடுவார். 25 வெள்ளி வைத்து நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் 240 ஆட்டம், 6,000 வெள்ளி மேசையைக் கடந்து போகிறது. நூற்றுக்கு 1.2 என்றால் 72 வெள்ளி. கொண்டுவந்தது ஐந்நூறுதான், ஆனால் அந்த ஐந்நூறு பன்னிரண்டு முறை எங்கள் கைவழியே போய்த் திரும்பியிருக்கிறது. இது 25 வெள்ளியிலேயே நிற்பவருடைய கணக்கு. தோற்கத் தொடங்கியபின் 25இல் நின்றவரை நான் பார்த்தது மிகக் குறைவு.

ஆகவே அங்கே விற்கும் சரக்கு நேரம்தான். டீலரை அளப்பதும் அதைக் கொண்டுதான்: மணிக்கு எத்தனை ஆட்டம்? சீட்டுக் கலைக்கும் இயந்திரம் வந்ததற்குக் காரணம் ஏமாற்றைத் தடுப்பது மட்டுமல்ல, கையால் கலைக்கும் நிமிடங்கள் மிச்சம். ஜாக்பாட் இயந்திரங்களுக்கு டீலரே வேண்டாம், ஐந்து விநாடிக்கு ஒருமுறை அமுக்கலாம். ஒரு முறைக்கு ஒரு வெள்ளி, நூற்றுக்குப் பத்து கூடத்துக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 720 முறை, 72 வெள்ளி. மேசையில் நான்கு மணி நேரத்தில் போவது இங்கே ஒரு மணி நேரத்தில். நாற்காலி வசதியாக இருக்கும், குடிக்கத் தேநீர் வரும். எங்கள் கூடத்தில் சுவரில் கடிகாரமோ ஜன்னலோ கிடையாது. நான் வெளியே வரும்போது மழை பெய்து ஓய்ந்து தரை காய்ந்திருக்கும்.

பக்காரா மேசையில் ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவும் திரையில் சிவப்பு, நீல வட்டங்களாக ஏறிக்கொண்டே போகும். குறித்துக்கொள்ளத் தாளும் பென்சிலும் கூடமே கொடுக்கும், இலவசமாக. விளையாடுபவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்து, "ஐந்து தடவை சிவப்பு, இப்போது நீலம் வந்தே தீரும்" என்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அதே கோலத்தைப் பார்த்து, "சிவப்பு ஓடுகிறது, விடக் கூடாது" என்பார். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோவில் ரூலெட் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பில் விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று மேலே மேலே கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். நூறு ஆண்டு கழிந்தும் அதே நம்பிக்கையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பென்சிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். பயன் இருந்தால் அதைக் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

சிங்கப்பூர் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கதவைத் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 21 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. கூடத்துக்குள் ஏடிஎம் கிடையாது. பெரும் வைப்புத்தொகை போட்டவர் தவிர உள்ளூர்வாசிக்குக் கூடம் கடன் கொடுக்கக் கூடாது. திவாலானவர்களும் அரசாங்க உதவித்தொகையில் இருப்பவர்களும் உள்ளே வர முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும், 2019 ஏப்ரலில் இருந்து 150. ஆண்டுக்கட்டணம் 2,000ஆக இருந்து 3,000 ஆனது. அந்தப் பணம் பொதுநலப் பணிகளுக்குப் போகிறது. இதனால் வாசலோடு திரும்பியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், மேசையிலிருந்து அவர்களை நான் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்தது கட்டிவிட்டு வந்தவர்களை. உட்கார்ந்ததும் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "நூறு வெள்ளியை முதலில் எடுக்கணும்." இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கட்டியாயிற்று, வீணாக்கக் கூடாது என்று விடியவிடிய இருந்தவர்கள் உண்டு. ஒரு சீன டாக்சி அங்கிள், வாரம் மூன்று நாள் வருவார். இருபதாவது மணி நேரத்தில் அவர் கை நடுங்கும். எனக்கு ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய்த் தூங்கி, அடுத்த ஷிப்டுக்கு வரும்போது அதே நாற்காலியில் அதே சட்டையில் இருப்பார்.

இந்தக் கட்டணம் வெளிநாட்டவருக்குக் கிடையாது. சுற்றுலாப் பயணியை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. ஆனால் புங்கோலில் கம்பி கட்டுகிற, துவாஸில் கப்பல் துருச் சுரண்டுகிற வேலை அனுமதிச்சீட்டுக்காரரும் சட்டப்படி வெளிநாட்டவர்தான். கட்டணம் கட்டும் வரிசை ஒரு பக்கம் நீண்டிருக்க, அவர் அட்டையைக் காட்டி நேரே உள்ளே வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம்மூர்ப் பையன்கள் வருவார்கள். முதல் தடவை குளிரூட்டிக்காகவும் வேடிக்கைக்காகவும் வருவார்கள், நான்கைந்து பேராக. மின்திரை ரூலெட்டில் குறைந்த தொகை வைக்கலாம் என்பதால் அங்கே போய் உட்கார்வார்கள். சில மாதம் கழித்து அந்த நான்கைந்தில் ஒருவர் மட்டும் தனியாக வருவார்.

அப்படி ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கம். ஒரு ஞாயிறு இரவு என் பக்காரா மேசைக்கு வந்தான். நான் தமிழன் என்று பெயர்ப்பட்டையில் பார்த்திருக்கிறான். மூன்று ஆட்டம் தோற்றபின் மெதுவாக, "அண்ணே, அடுத்து எது வரும்ணே?" என்றான்.

மேசையில் சொந்தப் பேச்சு கூடாது. தலைக்கு மேலே கேமரா, பின்னால் மேற்பார்வையாளர். "பந்தயம் வையுங்கள்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பிளேயர் என்று சொன்னால் அவன் பிளேயரில் வைத்திருப்பான், அவ்வளவு நம்பிக்கை அந்தப் பார்வையில். எனக்கு அடுத்த சீட்டு என்னவென்று அவனைவிட ஒரு துளியும் கூடத் தெரியாது. எழுந்து போ என்று சொல்லத் தெரியும், அதைச் சொல்லவில்லை. அன்று அவன் 400 வெள்ளி தோற்றான்.

இரண்டு வாரம் கழித்துத் தேக்காவில், வீராசாமி சாலைப் பக்கம் ஒரு தேநீர்க் கடை வாசலில் அவனைப் பார்த்தேன். அவனே அடையாளம் கண்டு வணக்கம் சொன்னான். வாடிக்கையாளரோடு வெளியே பழகுவது எங்கள் வேலையில் தப்பு. இருந்தாலும் உட்கார்ந்தேன். அவனுக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி, ஓவர்டைம் தனி. ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் நிலத்தின்மேல் வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "ஒரே ஒரு நாள் நல்லா வந்துச்சுண்ணே, 900 வெள்ளி. அதே மாதிரி ஒரு நாலு நாள் வந்தாப் போதும், கடனை அடைச்சிட்டு இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றான்.

நான் அவனுக்குக் கூடத்தின் பங்குக் கணக்கைச் சொன்னேன், தேநீர்க் கடைத் தாளில் எழுதியே காட்டினேன். என் மேசையில் குறைந்த பந்தயம் 25 வெள்ளி. ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றால் 18, அதைவிட அதிகமான காசு ஒரு நிமிடத்தில் ஒரு சீட்டுக்குப் போகிறது என்றேன். கவனமாகக் கேட்டான். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் சம்பள ஞாயிறன்று வேறு மேசையில் இருந்தான், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

கணக்குச் சொன்னால் போதும் என்று நினைத்தது என் தவறு. அவனுக்குத் தேவைப்பட்டது பூட்டு. வேலை அனுமதியில் இருப்பவர் தாமே விண்ணப்பித்துத் தம்மை இரண்டு கூடங்களிலிருந்தும் விலக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அப்போது நான் யோசிக்கவே இல்லை. பின்னாளில் முதலாளிகளும் விடுதிகளும் ஊழியர்களுக்கு அதைச் சொல்லத் தொடங்கினார்கள். வாசலில் அட்டையை வைத்ததும் விலக்கப்பட்டவர் என்று காட்டித் திரும்பிப் போன பையன்களைப் பிறகு நானே பார்த்தேன். முகம் சுண்டிப்போய்த்தான் போனார்கள். அந்த மாதம் ஊருக்குப் பணம் போயிருக்கும்.

என் வீட்டுக்குள்ளும் இது வந்தது. மச்சான், என் அக்காவின் கணவர், லாரி ஓட்டுநர். நான் ஒரு கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் மற்றொன்றுக்குப் போனார். அக்கா ஒரு நாள் என்னைச் சிராங்கூன் சாலைக்கு வரச்சொன்னார். அடகுக்கடைச் சீட்டுகள் ஆறு, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். வளையல்கள், நெக்லஸ், பெரியவளுக்குப் பெரிய மனுஷி ஆனபோது போட்ட சங்கிலி. "தாலிக்கொடி மட்டும்தான்டா இருக்கு" என்றார். இந்த நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்பில், சூதாடத் தம் தந்தை அடகு வைப்பதற்காகத் தாயின் நகைகளைக் கேட்டுச் சண்டை போட்டதை எழுதியிருக்கிறார். நெடுங்காலம் சூதாட்டக்கூடம் வேண்டாம் என்று நின்றவர் அவர். அந்த வீட்டில் நடந்தது என் அக்கா வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

குடும்ப விலக்கு ஆணை என்று ஒன்று இருக்கிறது என்று அக்காவுக்குச் சொன்னேன். மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் யாரும் கேட்கலாம். அக்கா மூன்று வாரம் யோசித்தார். "அவரைப் போலீஸ்ல மாட்டிவிடுற மாதிரி இருக்கே" என்று அழுதார். நான்தான் கூட உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். ஒரு குழு இருவரையும் கூப்பிட்டு விசாரித்தது. மச்சான் என்னிடம் எட்டு மாதம் பேசவில்லை. நடுவில் இரண்டு முறை கோல்டன் மைல் கட்டடத்திலிருந்து பஸ் ஏறி மலேசியாவின் கெந்திங் மலைச் சூதாட்டக்கூடத்துக்குப் போய்வந்தார். இங்கே போட்ட ஆணை அங்கே செல்லாது. ஆனால் அதற்கு விடுப்பு எடுக்க வேண்டும், ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும், அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிப் போய்விடுவது போல இல்லை அது. மெல்ல மெல்ல நின்றது. இன்று அவர் வீட்டில்தான் இருக்கிறார், ஆறு சீட்டில் நான்கு மீட்டாயிற்று.

இந்தக் கூடங்களால் எனக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு கிடைத்தது. என்னோடு சேர்ந்த பலர் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தார்கள். மரீனா பே கட்டடத்தைப் பார்க்க உலகமே வருகிறது. இதையெல்லாம் மறைத்தால் நான் பொய் சொன்னவனாவேன். புகைக்கும் பகுதியில் வேலை பார்த்த இருமலும், இரவு ஷிப்டால் கெட்ட தூக்கமும் என்னோடு போகட்டும். ஆனால் விதியில் ஒரு குறை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் குடிமகனுக்கு வாசலில் 150 வெள்ளித் தடை, நாளுக்குப் பதினெட்டு, இருபது வெள்ளி வாங்குபவருக்குத் திறந்த கதவு. வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவரை, அவர் கேட்காமலே, விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சுற்றுலாவுக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்?

2020 ஏப்ரலில் கொரோனா கிருமிப்பரவலால் இரண்டு கூடங்களும் மூடின. ஜூலையில் திறந்தபோது உறுப்பினர்களையும் ஆண்டுக்கட்டணம் கட்டியவர்களையும் மட்டும் உள்ளே விட்டார்கள். முதல் நாள் வந்தவர்களில் டாக்சி அங்கிளும் இருந்தார். இந்த மூன்று மாதம் நன்றாகத் தூங்கினேன், மகள் வீட்டுக்குப் போனேன், பணமும் சேர்ந்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஆயிரம் வெள்ளியை மேசைமேல் வைத்தார். நான் விரித்து, எண்ணி, சத்தமாகச் சொல்லிப் பெட்டிக்குள் தள்ளினேன். அடுத்த ஆண்டு வேலையை விட்டேன். இப்போது ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

மகனோ கணவனோ தம்பியோ சிங்கப்பூரில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பள ஞாயிறு இரவில் போனை எடுக்கவில்லை என்றால், அனுப்பும் பணம் காரணமில்லாமல் குறைந்தால், கூட இருப்பவர்களிடம் கடன் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டால், தயங்காமல் கேளுங்கள். திட்டாதீர்கள். தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள், அவர் நிரப்பும்வரை போனை வைக்காதீர்கள். ஓராண்டுக்குள் அதைத் திரும்பப் பெற முடியாது. சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668.